மேயராக இருந்துகொண்டே எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கலாமா?

நிற்கலாம். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கம் எங்களுக்கு இது பழகிய கேள்வி. 2019 அக்டோபரில் திருவனந்தபுரம் மேயர் வி.கே. பிரசாந்த், மேயராக இருந்தபடியே வட்டியூர்க்காவு சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலில் நின்றார். ஜெயித்த பிறகுதான் மேயர் பதவியை விட்டார்.

காரணம் இதுதான். அரசின் கீழ் 'ஆதாயப் பதவி' வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 191-வது பிரிவு. அதாவது அரசே நியமித்து, அரசே நீக்கக்கூடிய, வருமானமுள்ள வேலை. கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டு வந்த மேயர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் வருவார், பாவம்.

எங்கள் ஸ்டாண்டில் மாறும் பஸ் மாதிரிதான். கேரள பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்று தெரியும்வரை நாகர்கோவில் பஸ் சீட்டை விட வேண்டியதில்லை. கிடைத்த பிறகும் இரண்டிலும் துண்டு போட்டு வைத்தால் கண்டக்டர் சும்மா விடமாட்டார். முன்பு விட்டார்கள்: 1996-ல் சென்னை மேயரான மு.க. ஸ்டாலின் எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். 2002-ல் தமிழ்நாட்டில் இரட்டைப் பதவிக்கு எதிராகச் சட்டம் வந்தது.

அப்புறம், பலரும் நினைப்பதற்கு மாறாக, காலியான மேயர் நாற்காலிக்குக் கேரளத்தில் மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. கவுன்சிலர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்.