பரணில் தெரிந்த விடியப்புற நித்திரை

கேள்வி: ஐயா, முல்லைத்தீவு–கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறேன். விமானம் தானாகவே பறக்குமாமே, பிறகு விமானிக்கு என்ன களைப்பு?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தானாகப் பறப்பதுதான் தம்பி சிக்கலே. கைக்கு வேலை இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் நித்திரை இன்னும் சுலபமாக வரும். காலபோகத்தில் பன்றிக் காவலுக்குப் பரணில் இருந்தவன் நான். பதினொரு மணிக்கு ஊர்க்கதை முழுக்கப் பேசுவேன். மூன்று மணிக்குப் பன்றி வந்து வயலை உழுதாலும் தெரியாது. 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பின் கடிகாரம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். விமானிக்கும் அதே உடம்புதானே.

2010இல் துபாயிலிருந்து வந்து மங்களூரில் காலை 6 மணியளவில் விழுந்த விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கிய குறட்டை, விமானி அறை ஒலிப்பதிவில் இருந்தது. விழித்தவுடன் மூளை மந்தமாகத்தான் இருக்கும். இறங்கும் முடிவை அந்த மந்தத்தோடு எடுக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 2014 முதல் பயணிகள் விமானங்களின் விமானிகளுக்குப் பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். அதில் 8 மணி நேரம் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். சரி, வழியில் மாங்குளத்தில் குடிக்கும் பிளேன்ரீ அந்தத் தூக்கத்துக்கு ஈடாகாது. பகலில் உங்களுக்கு வேறு ஓட்டமும் உண்டா? அதை எழுதவில்லையே.