வாகனம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் டீசல் காரில் கிளட்ச் வழுக்கியதால், கடந்த மாதம் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றை மாற்றினேன். என்ஜினின் பின்பக்க ஆயில் சீலும் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டதாகப் பில்லில் எழுதியிருக்கிறார்கள். வண்டியை எடுத்து வந்த சில நாளிலிருந்து, என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஆயில் சொட்டுகிறது. வேலை பார்த்தவர், "இறக்கும்போது சிந்திய ஆயில்தான், போகப் போக நின்றுவிடும்" என்கிறார். வேறொரு மெக்கானிக்கோ, "சீலையே மாற்றியிருக்க மாட்டார்கள், கழற்றிப் பார்த்துவிடலாம்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், நாமக்கல்

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், சொட்டுவது எந்த ஆயில் என்பதை முதலில் நீங்களே தெரிந்துகொள்ள முடியும். அது தெரியாமல் சண்டைக்குப் போனால் பேச்சு வளருமே தவிர, கசிவு நிற்காது.

இரவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் குறித்துக்கொண்டால், சொட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்பது காலையில் தெரியும். டீசல் என்ஜினில் ஆயில் புதிதாக ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கியர் ஆயிலோ புதிதாக ஊற்றியதாக இருந்தால் தேன் நிறத்திலேயே இருக்கும். விரலில் தொட்டு முகர்ந்தால் கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். ஆகவே, அட்டையில் இருப்பது கரிய கறை என்றால் என்ஜின் ஆயில் என்றும், வாடையுடன் கூடிய தேன் நிறக் கறை என்றால் கியர் ஆயில் என்றும் பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். தண்ணீரைப் போல மெல்லியதாக, வெளிர் மஞ்சளாக இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கக்கூடும். பல கார்களில் கிளட்சை இயக்கும் திரவமும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்தே வருவதால், டப்பாவில் அளவு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால், சரிசெய்யும்வரை அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

கியர் ஆயில் என்று தெரிந்தால், பின்பக்க சீலைப் பற்றிய சர்ச்சைக்கே இடமில்லை. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் சக்கரங்களைச் சுழற்றும் இரு பக்க டிரைவ் ஷாஃப்ட்டுகளையும் உருவ வேண்டும். திரும்பச் செருகும்போது ஷாஃப்ட்டின் பல் முனை சற்றே உரசினாலும், கியர் பாக்ஸில் அது நுழையும் இடத்திலுள்ள சீலின் மெல்லிய ரப்பர் உதடு கிழிந்துவிடும். பெரிய வேலைக்குப் பின் வரும் கசிவுகளில் இது மிகவும் சாதாரணமானது. இதற்கு கியர் பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியதில்லை, ஷாஃப்ட்டை உருவி அந்தச் சீலை மாற்றினால் போதும். ஆனால் அலட்சியம் கூடாது. பெரும்பாலான கார்களில் கியர் ஆயிலின் அளவைப் பார்க்க என்ஜினுக்கு இருப்பதுபோல் ஸ்டிக் கிடையாது. மொத்த ஆயிலே சுமார் இரண்டு லிட்டர்தான் என்பதால், குறைவது உங்களுக்குத் தெரியாமலே கியர் பாக்ஸின் பேரிங்குகள் தேய்ந்து போகும்.

என்ஜின் ஆயில் என்றாலும் அது பின்பக்க சீல்தான் என்று உடனே முடிவு கட்ட முடியாது. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டில் கசியும் ஆயிலும், டர்போவிலிருந்து திரும்பும் குழாயில் கசியும் ஆயிலும் என்ஜின் சுவரோடு வழிந்து, கடைசியில் நீங்கள் சொல்லும் அதே இடத்தில்தான் சொட்டும். இன்னொன்று, என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் என்ஜினுக்குள் காற்றழுத்தம் கூடி, முறையாகப் பொருத்திய புதுச் சீலையும் மீறி ஆயில் வெளியேறும். அந்த நிலையில் சீலை எத்தனை முறை மாற்றினாலும் கசிவு நிற்காது. மெக்கானிக்கின் மீது மட்டும் பழி போடுவதும் நியாயமாகாது.

"சிந்திய ஆயில்" என்று அவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. குறுக்குச் சட்டத்திலும் அடித்தட்டிலும் தேங்கிய ஆயில் சில நாள் சொட்டத்தான் செய்யும். ஆனால் அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஒரு மாதம் கழித்தும் சொட்டிக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், உங்கள் முன்னிலையில் அடிப்பகுதியை நன்றாகக் கழுவிக் காய வைக்கச் சொல்லுங்கள். காய்ந்த உலோகத்தின் மீது டால்கம் பவுடரை மெல்லத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தால், வெள்ளைப் பூச்சில் ஈரக் கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்பது யாருக்கும் தெரியும். அந்தக் கோட்டின் உச்சியைத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன் வேறு எவரையும் கழற்ற விடாதீர்கள் என்பதே என் அழுத்தமான வேண்டுகோள். இன்னொருவர் கை வைத்த மறுகணமே, "எங்கள் வேலை சரியாகத்தான் இருந்தது, அவர் கெடுத்துவிட்டார்" என்று சொல்ல முதல் ஒர்க்‌ஷாப்புக்கு வழி கிடைத்துவிடும். சீல் மாற்றப்படவே இல்லை என்பதும், கழற்றிப் பார்க்காதவரை வெறும் ஊகமே. பில், அட்டையின் புகைப்படங்கள், ஸ்டிக்கில் தெரியும் அளவு ஆகியவற்றைத் தேதியுடன் சேர்த்து வையுங்கள். மீண்டும் இறக்க நேர்ந்தால், நீங்கள் அருகில் இருந்து கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். ஆயிலில் ஊறிய பிளேட்டைத் துடைத்துப் போட்டு ஒப்பேற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர்கள் மறுத்தால், குறையையும் நீங்கள் கேட்கும் பரிகாரத்தையும் விளக்கி ஒரு கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். பிறகும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இதற்கிடையே ஓட்டும்போது ஆயில் விளக்கு எரிந்தால், அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று எண்ணாமல், ஓரங்கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள்.

கேள்வி: ஹெட் கேஸ்கெட் மாற்றிய பின் என் காருக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. ரேடியேட்டரில் கசிவை அடைக்கும் திரவம் ஊற்றலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஏசி போட்டு ஓட்டியபின் தேங்கும் நிறமற்ற தண்ணீர் இயல்பானது, கவலை வேண்டாம். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தொட்டால் பிசுபிசுப்பாகவும் முகர்ந்தால் இனிப்பு வாடையுடனும் இருந்தால் அது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். புது வேலையில் அடைப்புத் திரவம் ஊற்ற வேண்டாம். அது ஹீட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கக்கூடும், உண்மையான கோளாறையும் மறைத்துவிடும். வேலை செய்தபோது கழற்றிய ஹோஸ்களின் கிளிப்புகளையும், தெர்மோஸ்டாட் மூடியின் விளிம்பையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெளியே ஈரமே இல்லாமல் கூலன்ட் குறைந்து, புகைக்குழாயில் விடாமல் வெண்புகை வந்தாலோ, என்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் மாறினாலோ, கூலன்ட் என்ஜினுக்குள் போகிறது என்று பொருள். வண்டியை ஓட்டாமல், கேஸ்கெட் மாற்றிய இடத்துக்கே இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.