த்ரெட் லோக்கல் மாறி: 64-ன் மடங்கு ஏன் முக்கியம்?

கேள்வி: கல்லூரி புராஜெக்டுக்காக 64 பிட் இன்டெல் கணினியில் ஓடும் த்ரெட் லைப்ரரி எழுதுகிறோம். 64 பைட் அலைன்மென்ட் (முகவரி 64-ன் மடங்காக இருத்தல்) கேட்டு அறிவித்த ஒரு த்ரெட் லோக்கல் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிப் பிரதி உள்ள) ஸ்ட்ரக்சரைப் பூஜ்ஜியமாக்கும் வரியில், புதிய த்ரெட் மட்டும் கிராஷ் ஆகிறது. மெயின் த்ரெட்டில் சிக்கல் இல்லை. ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் எல்லாமே ஓடுகிறது. கம்பைலரில் பிழையா?
- ஒரு வாசகர், தரமணி, சென்னை

பதில்: கம்பைலர் மேல் தவறில்லை. கிராஷ் ஆன இடத்தில் ஜிடிபி டீபக்கரில் இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பாருங்கள். அநேகமாக மூவ்ஏபிஎஸ் (16 பைட்டை ஒரே முறையில் நகர்த்துவது) இருக்கும். 16-ன் மடங்கல்லாத முகவரி கிடைத்தால் அது ஃபால்ட் ஆகும். நீங்கள் 64 கேட்டதால், கிடைத்திருக்கும் என்று நம்பி கம்பைலர் அதைப் போட்டிருக்கிறது. ஆப்டிமைசேஷன் இல்லாதபோது எட்டெட்டு பைட்டாக எழுதுவதால் தவறு வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். மெயின் த்ரெட்டின் டிஎல்எஸ் பிளாக்கை (த்ரெட் லோக்கல் மாறிகள் இருக்கும் மெமரி) நேராகப் பேஜ் எல்லையிலிருந்து எடுத்திருப்பீர்கள். 4096-ன் மடங்கு 64-க்கும் மடங்கு. புதிய த்ரெட்டுக்கு உங்கள் மாலாக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) 8-ன் மடங்கை மட்டும் தருகிறது போல.

புரோகிராம் ஃபைலின் அமைப்பைப் பார்க்க உதவும் ரீட்எல்ஃப் கருவி காட்டும் டிஎல்எஸ் வரியில் மெமரி சைஸ் 88, அலைன்மென்ட் 64 என்று வைத்துக்கொள்வோம். 88-ஐ 64-ன் மடங்குக்கு உயர்த்தினால் 128. மாலாக்கிடம் 128, அதோடு த்ரெட் கன்ட்ரோல் பிளாக்கின் (த்ரெட்டைப் பற்றிய விவரங்களை வைக்கும் இடம்) அளவு, மேலும் 63 பைட் கேளுங்கள். 4104 என்ற முகவரி வந்தால், 63 கூட்டி, கீழ் 6 பிட்டுகளை அழித்தால் 4160. டிஎல்எஸ் பிளாக் அங்கே தொடங்கும். எஃப்எஸ் ரெஜிஸ்டர் காட்ட வேண்டிய த்ரெட் பாயின்டர், அதாவது கன்ட்ரோல் பிளாக் தொடங்கும் முகவரி, 4160 + 128 = 4288. அந்த முகவரியின் முதல் 8 பைட்டில் 4288-ஐயே எழுதி வையுங்கள்.

பலரும் தடுமாறுவது அடுத்த படியில்தான். தொடக்க மதிப்புகளை த்ரெட் பாயின்டருக்கு 88 பைட் முன்னால் காப்பி செய்துவிடுகிறார்கள். மாறிகளின் இடத்தை முடிவுசெய்யும் லிங்கர் கணக்குப் போட்டது 128-ஐ வைத்து. எனவே 4160-க்குத்தான் காப்பி செய்ய வேண்டும். அதே டிஎல்எஸ் வரியில் உள்ள ஃபைல் சைஸ் வரை காப்பி, மீதி 88 வரை பூஜ்ஜியம். இதில் தவறினால் கிராஷ்கூட ஆகாது, மாறிகளில் தவறான மதிப்பு உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

விடுவிக்கும்போது ஃப்ரீ ஃபங்ஷனுக்குத் தர வேண்டியது 4160 அல்ல, 4104. அதைக் கன்ட்ரோல் பிளாக்கில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: இதே கணக்கு 64 பிட் ஆர்ம் பிராசஸரில் பொருந்துமா?
- ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: பொருந்தாது. அங்கே மாறிகள் த்ரெட் பாயின்டருக்குப் பின்னால் வரும். முதல் 16 பைட் லைப்ரரிக்கு. அலைன்மென்ட் 64 என்றால் 16-ஐ 64-க்கு உயர்த்தி, த்ரெட் பாயின்டர் + 64-ல் பிளாக்கை வையுங்கள். + 16-ல் அல்ல. த்ரெட் பாயின்டரும் 64-ன் மடங்காக இருக்க வேண்டும்.