நாம வேண்டாம்னு சொன்ன காலேஜ் "ஏன்?"னு கேட்டா என்ன சொல்றது?

கேள்வி: என் பொண்ணுக்கு அமெரிக்காவுல நாலு யுனிவர்சிட்டில இடம் கிடைச்சு, ஒண்ணுக்கு டெபாசிட் கட்டியாச்சு. வேண்டாம்னு விட்ட ஒரு காலேஜ் இப்போ சர்வே அனுப்பிருக்கு. எங்க சேர்ற, ஏன் எங்கள விட்ட, சேர்ற காலேஜ்ல எவ்வளவு ஸ்காலர்ஷிப் குடுத்தாங்கன்னு துருவித் துருவி கேக்குது. நாளைக்கு ட்ரான்ஸ்ஃபர்னு அவங்ககிட்டயே போய் நின்னா இது வெனையாயிடாதா?

பதில்: ஆகாதுங்க. ட்ரான்ஸ்ஃபர் அப்ளிகேஷன்ல அவங்க பாக்கப்போறது காலேஜ் மார்க்கு, எடுத்த கோர்ஸ், ஏன் மாறுறேன்னு எழுதுற எஸ்ஸே, இதெல்லாம்தான். சர்வே கட்டாயமும் இல்ல, பிடிக்கலன்னா டெலிட் பண்ணிட்டுப் போங்க.

ஒரு வேடிக்கை சொல்றேன். உங்க பொண்ணு எங்க சேர்ந்தான்னு அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க. நேஷனல் ஸ்டூடண்ட் கிளியரிங்ஹவுஸ்னு 1993ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இருக்கு, அமெரிக்க காலேஜ்கள்ல பெரும்பாலானது யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு அதுக்கு டேட்டா அனுப்பும், அதனால ஃபால் செமஸ்டர் தொடங்கினதும் "நாங்க இடம் குடுத்தும் வராதவங்க"ன்னு ஒரு லிஸ்ட்ட குடுத்தா யார் எங்க போனாங்கன்னு திரும்பி வந்துடும். ஆனா ஏன் போனாங்கன்னு எந்த டேட்டாபேஸும் சொல்லாது, அதுக்குத்தான் இந்த சர்வே.

இடம் குடுத்தவங்கள்ல எத்தனை பேர் வந்து சேர்றாங்கங்கற கணக்குக்கு "யீல்டு"ன்னு பேரு. யு.எஸ். நியூஸ் பத்திரிகை போடுற காலேஜ் ரேங்க்கிங்ல 2003லயே இத தூக்கிட்டாங்க, ஆனாலும் காலேஜ்களுக்கு இதுல ஒரு கண்ணு எப்பவும் இருக்கும், எத்தனை பேருக்கு லெட்டர் அனுப்பணும், எத்தனை ஹாஸ்டல் ரூம் ரெடி பண்ணணும்னு எல்லாம் இத வச்சுதான்.

இதுல அவங்களுக்கு ஒரு தலைவலி, வராத பசங்க பாதிக்கு மேல பதில் போடவே மாட்டாங்க, போடுறவங்களும் "ஃபீஸ் ஜாஸ்தி"ன்னு டிக் பண்ணிட்டு ஓடிடுவாங்க. யாரையும் புண்படுத்தாத பதில் பாருங்க அது! காலேஜ சுத்திக் காட்ட டூர் கூட்டிட்டுப் போன சீனியர் போன்ல இருந்து கண்ணே எடுக்கல, டிபார்ட்மென்ட்டுக்கு ரெண்டு மெயில் போட்டும் பதில் இல்ல, நிஜக் காரணம் இப்படி ஏதாவது இருக்கும், அதுக்கு அந்த லிஸ்ட்ல கட்டமே இருக்காது. அதனால உங்க பொண்ணு நிரப்புறதா இருந்தா கடைசில "வேற ஏதாவது சொல்லணுமா"ன்னு ஒரு காலி இடம் இருக்குமே, அதுல ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, மொத்த சர்வேலயும் உருப்படியா படிக்கிற இடம் அதுவாத்தான் இருக்கும்.

ஸ்காலர்ஷிப் தொகைய சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா இதுல எழுதினா கூட்டிக் குடுப்பாங்கன்னு மட்டும் நினைக்காதீங்க, அதுக்கு ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ்லதான் அப்பீல் பண்ணணும். டெபாசிட் கட்ட வழக்கமான கடைசி நாளான மே 1க்கு அப்புறம் வேற காலேஜ்ல டெபாசிட் கட்டின பசங்கள இழுக்கக் கூடாதுன்னு அட்மிஷன் கவுன்சிலர்கள் சங்கத்துல ஒரு விதி இருந்துச்சு, அமெரிக்க அரசோட ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் தலையிட்டதால 2019ல அத எடுத்துட்டாங்க. அதனால தானா ஒரு புது ஆஃபர் வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க, வந்தா நிதானமா கணக்குப் போட்டுப் பாருங்க, கட்டின டெபாசிட் பெரும்பாலும் திரும்ப வராது.

ஒண்ணு மட்டும் செக் பண்ணுங்க, மெயில் அந்த காலேஜ் அட்ரஸ்ல இருந்துதான் வந்திருக்கா? சோஷியல் செக்யூரிட்டி நம்பரோ (அமெரிக்க அரசு குடுக்குற அடையாள எண்) பேங்க் விவரமோ கேட்டா அது சர்வேயே இல்ல, உடனே மூடிடுங்க.