நீலகிரியின் நாட்டு மருந்துகளும் இன்றைய ஆய்வும்: கேள்வி பதில்

மருந்தியல் ஆசிரியராகப் பணியாற்றி, இப்போது கோத்தகிரியில் ஓய்வில் இருக்கும் நம் உறுப்பினர், மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

குன்னூரிலிருந்து: ஐயா, எங்கள் குடும்பத்தில் மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது வழக்கம். இதுவரை எல்லோருக்கும் குணமாகியிருக்கிறது. இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா?

பதில்: ஒரு காலத்தில், உண்டு என்றே பலரும் நம்பினோம். சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து செய்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அக்கிருமியை நெடுநாளாக உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை ஒரு மாதம் கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத வெற்றுப் பொருள், பெற்றவர்களிலோ 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அது மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் பிற நாடுகளில் அதே ஆய்வைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. சென்னை ஆய்வில் மருந்துப்போலி பெற்றவர்களில் பலர் மறுபரிசோதனைக்கு வராததும், செடியின் இனமும் விளைந்த மண்ணும் பறித்த பருவமும் இடத்துக்கு இடம் மாறுவதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எல்லா ஆய்வுகளையும் பின்னாளில் தொகுத்துப் பார்த்தவர்கள், நம்பத்தகுந்த பயன் நிறுவப்படவில்லை என்றே எழுதினார்கள்.

அப்படியானால் உங்கள் வீட்டில் அனைவரும் எப்படிக் குணமானார்கள்? நம் ஊர்களில் காணும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ ஆகிய கிருமிகளால் வருவது. அது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். தானாக இறங்கும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்தாகவே தோன்றும். இதில் கர்ப்பிணிகளை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் ஈ அவர்களுக்கு உயிராபத்தாக முடியக்கூடும் என்பதால், வீட்டு மருந்தோடு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

கூடலூரிலிருந்து (பணியர் குடியிருப்புகளில் பணியாற்றும் சுகாதாரத் தன்னார்வலர்): ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு அடிக்கடி கண் மஞ்சளாகிறது. ஊர் வைத்தியர் பச்சிலை கொடுத்தால் மறைகிறது, சில மாதங்களில் மீண்டும் வருகிறது. கைகால் வலி என்றும் அழுகிறான். பச்சிலையை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரமே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரிவாள் செல் சோகையாக இருக்க வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் இந்த நோயின் தடயம் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அதைக் கண்டு எழுதினார்கள். மரபணுவின் ஒரு பிரதி மட்டும் மாறியிருப்பவர்களைக் கொடிய மலேரியாவிலிருந்து அது ஓரளவு காக்கிறது. காய்ச்சல் மண்டிய காட்டோரங்களில் அது தலைமுறைகளாக நிலைத்ததற்கு அதுவே காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதியைப் பெறும் குழந்தைக்குத்தான் நோய் வருகிறது. ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. எலும்புக்குள்ளிருந்து குடைவது போன்ற வலி அதனால் வருவது. அப்படி வளைந்த அணுக்கள் ஆயுள் முடியும் முன்பே சிதைகின்றன, சிதைவின் கழிவே கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. பையனுக்கு இந்த நோய் என்று உறுதியானால், அவன் கண் மஞ்சளுக்குக் கல்லீரல் நோய் காரணமாக இல்லாமல் இருக்கலாம். இலை கொடுத்ததும் மறைந்ததாகத் தெரிவது, அந்தச் சிதைவு அலை அப்போதைக்குத் தணிந்ததாக இருக்கலாம்.

இதற்கு மருந்து இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை, கருவில் இருக்கும்போது நம்மிடம் இருந்த ஹீமோகுளோபினை மீண்டும் கூடுதலாக உண்டாக்கி, அணுக்கள் வளைவதைக் குறைக்கிறது; வலி வரும் தடவைகளும் குறைகின்றன. அதனுடன் ஃபோலிக் அமிலமும், நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசியும், போதுமான தண்ணீரும் தேவை. குளிரும் நீரிழப்பும் வலியைத் தூண்டும் என்பதால், ஆடி மாத மழையில் நனைந்த உடையோடு பையனை இருக்க விடாதீர்கள். கூடலூரில் 1990-ஆம் ஆண்டிலிருந்து பழங்குடியினருக்கென்றே மருத்துவமனை ஒன்று இயங்குகிறது. அங்கு இந்த நோய்க்கு நீண்ட அனுபவம் உண்டு.

ஊர் வைத்தியரை ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. மஞ்சள் கண்ணும் மூட்டு வலியும் சேர்ந்து வரும் பிள்ளையை முதலில் பார்ப்பவர் அவர்தான். அந்த இரண்டும் சேர்ந்தால் உடனே உங்களிடம் சொல்லும்படி அவரோடு பேசி வைத்தால், பல குழந்தைகள் சில ஆண்டுகள் முன்னதாகவே சிகிச்சைக்கு வந்துவிடுவார்கள்.

மசினகுடியிலிருந்து: எங்கள் பக்கத்தில் பாம்புக் கடிக்கு ஈசுவரமூலி வேரை அரைத்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கடிக்கும் வேர் கொடுப்பவர் உண்டு. இவற்றை எப்படி ஒரேயடியாக மறுக்க முடியும்?

பதில்: பிழைத்தவர்கள் இருப்பது உண்மை. கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நச்சுப் பாம்பும் சில வேளைகளில் நஞ்சை இறக்காமலே கடிக்கிறது. அந்த இரு வகையினரும் வேரைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். நஞ்சு உண்மையில் ஏறியவருக்கு நஞ்சுமுறி ஊசி மட்டுமே மருந்து. அதற்கான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருபவர்களில் முதன்மையானவர்கள், மாமல்லபுரத்துக்கு அருகே 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இருளர்கள். பாம்பைப் பற்றிய பழங்குடி அறிவு இன்றைய மருத்துவத்துக்குப் பயன்பட்ட இடம் அதுதான்.

நம் மலைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்திய நஞ்சுமுறி ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கு மட்டுமே தயாரிக்கப்படுகிறது. தேயிலைத் தோட்டங்களிலும் சோலைகளிலும் கடிக்கும் குழிவிரியன்களுக்கு அது பொருந்தாது. நஞ்சு ஏறியிருக்கிறதா என்று அறியத்தான் மருத்துவர் உடனே ஊசி போடாமல், சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார். உறையாமல் தண்ணீராக ஓடினால் நஞ்சு இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். அந்த இருபது நிமிடத்தை அலட்சியம் என்று எண்ணி நோயாளியை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு; அது தவறு.

நாய்க்கடியிலும் இதே கணக்குதான். கடித்த நாய்களில் எல்லாவற்றுக்கும் வெறி இருப்பதில்லை, வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. நோய்க்குறி தோன்றிவிட்டாலோ ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராகத் தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இருக்கும் மாவட்டத்தில், வெறிநாய்க்கடிக்கு இன்னமும் வேர் அரைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே வாசகர்: பயன் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஈசுவரமூலியைத் தலைமுறைகளாகக் கொடுத்து வருகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. கெடுதல் இல்லாத மருந்தைக் கொடுப்பதில் என்ன தவறு?

பதில்: இன்று வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். மூலிகைகளை நீண்ட காலம் பயன்படுத்தியவர்கள், உடனே தெரியும் விளைவுகளை மிகக் கூர்மையாகக் கண்டறிந்தார்கள். எந்தக் காய் வாந்தி எடுக்க வைக்கும், எந்த இலை பேதியை நிறுத்தும், எந்தப் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும் என்பவற்றில் அவர்கள் சொல்வதை நான் அப்படியே நம்புவேன். இருபது ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு மட்டும் வரும் கெடுதலை எந்த வைத்தியராலும், எவ்வளவு அறிவாளியானாலும், தன் அனுபவத்திலிருந்து கண்டுபிடிக்க இயலாது. சிறுநீரகம் பழுதாகி இறந்த முதியவரையும் அவர் இளமையில் குடித்த வேரையும் யார் இணைத்துப் பார்ப்பார்கள்?

ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் சேர்ந்த செடிக் குடும்பத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற பொருள் உள்ளது. அது சிறுநீரகச் செல்களின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு அவற்றை மெல்லத் தழும்பாக்குகிறது, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மருந்து உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி கலந்துவிட்டிருந்தது. அதற்கும் முன்பே, பால்கன் நாடுகளில் தன்யூபு ஆற்றின் கிளைகளை ஒட்டிய கிராமங்களில் உழவர்கள் இதே நோயால் பல பத்தாண்டுகள் இறந்துகொண்டிருந்தார்கள். கோதுமை வயலில் களையாக வளர்ந்த இச்செடியின் விதை மாவில் கலந்திருந்தது. தலைமுறைகளாக அந்த ரொட்டியை உண்ட அவர்களும் ரொட்டியில் குற்றம் இருக்கும் என்று எண்ணவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இந்த வேரைக் கைவிடுங்கள்.

உதகையிலிருந்து: கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தடவலாமா? கடையில் விண்டர்கிரீன் தைலமும் தருகிறார்கள்.

பதில்: கைக்குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம். நீலகிரித் தைலத்தில் முதன்மையாக உள்ள சினியோல் என்ற பொருள் சிறு குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டியதாக மருத்துவக் குறிப்புகள் உண்டு. தவறிக் குடித்துவிட்டால் சில மில்லி லிட்டரே ஆபத்தாகலாம். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பெரியவர்கள் ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விட்டதுபோல் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

விண்டர்கிரீன் தைலம் இன்னும் கவனத்துக்குரியது. அது ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவு. ஒரு தேக்கரண்டித் தைலத்தில் ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு இணையான வீரியம் இருக்கிறது. அது 325 மி.கி. மாத்திரை இருபதுக்கும் மேல். இனிய மணம் உள்ளதால் குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் வைக்கிறார்கள். புட்டியை உயரத்தில் வையுங்கள். நீலகிரித் தைலம் தண்ணீரில் மிதக்கும், விண்டர்கிரீன் அடியில் தங்கும். எழுத்து அழிந்த புட்டியில் எது இருக்கிறது என்று பார்க்க ஒரு சொட்டு தண்ணீரில் விட்டாலே தெரிந்துவிடும்.

பாட்டி வைத்தியம் என்று நாம் பெருமை பேசும் யூகலிப்டஸ் மரம் இம்மலைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது 1843-இல்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

நடுவட்டத்திலிருந்து: நாட்டு மருந்து ஒன்று முறையான சோதனையில் வென்றதற்கு நம் மலையில் சான்று உண்டா?

பதில்: உங்கள் ஊரே சான்று. ஆண்டிஸ் மலை மக்கள் அறிந்திருந்த சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பிரான்சில் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1860-இல் மரமே நீலகிரிக்கு வந்தது; உங்கள் ஊரிலும் பயிரானது. தோட்டத்தை நடத்திய மெக்ஐவர், மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்தி வைத்தார். புதிதாக வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து கூடுதலாக இருந்தது. பட்டையில் குயினைனோடு வேறு மூன்று காரப்பொருள்களும் (ஆல்கலாய்டுகள்) உண்டு. அவையும் காய்ச்சலை நிறுத்துமா என்று அறிய, 1866 முதல் 1868 வரை சென்னை மாகாண அரசின் ஆணையம் சுமார் 3,600 நோயாளிகளிடம் நான்கையும் சோதித்து, நான்கும் ஏறத்தாழச் சமமாகவே பயன் தருவதைக் கண்டது. இன்றைய அளவுகோலில் குறைகள் இருக்கலாம். ஆனாலும் மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த தொடக்ககாலச் சோதனைகளில் அது ஒன்று.

கோத்தகிரியிலிருந்து (இருளர் சமூக மாணவி): என் பாட்டிக்குப் பல செடிகள் தெரியும். ஆய்வாளர்கள் வந்து கேட்கிறார்கள். சொல்லலாமா, ஐயா?

பதில்: சொல்வதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள், அம்மா. அகத்தியமலைக் காணி மக்கள் களைப்புத் தீர மென்ற ஒரு செடியின் காயை 1987-இல் அவர்களோடு காட்டில் நடந்த ஆய்வாளர்கள் அறிந்துகொண்டார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, 1995-இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டபோது, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதியைக் காணிகளுக்கு என்று திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா நிறுவனம் ஒதுக்கியது. சொன்னவர்கள் ஓரிருவர், அறிவோ சமூகம் முழுவதற்கும் உரியது, எனவே யாருடைய சம்மதம் போதும் என்ற சச்சரவு அங்கும் எழுந்தது. ஆகவே பாட்டி மட்டும் தலையசைத்தால் போதாது. ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர் பெருக்கச் சட்டம் பயன் பகிர்வை வலியுறுத்துகிறது. 2023-இல் வந்த திருத்தம், ஏடுகளில் எழுதி வைக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குச் சில விலக்குகளைத் தந்தது. உங்கள் பாட்டியின் அறிவு வாய்வழியாக வந்தது. அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது என்றே நான் வாசிக்கிறேன். என்ன ஆய்வு, முடிவை யார் வெளியிடுவார்கள், கட்டுரையில் சமூகத்தின் பெயர் இருக்குமா, காப்புரிமை கேட்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் செடியைக் காட்ட வேண்டியதில்லை.

எடக்காட்டிலிருந்து: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுகிறேன். மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.

பதில்: திட்டினாலும் சொல்லுங்கள். சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் விண்டர்கிரீன் தைலத்தைத் தடவுவதையும் சொல்ல வேண்டும், தோல் வழியே போனாலும் அது இரத்தக் கசிவைக் கூட்டும். பொடியை அது வந்த பொட்டலத்தோடு எடுத்துச் செல்லுங்கள். சந்தையில் வாங்கியதாக இருந்தால், விற்றவர் எந்தச் செடி என்று சொன்னார் என்பதைச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள்.