கப்பலை இழுத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு படத்தில் உதவி இயக்குநர். எங்கள் டைரக்டர் செட்டில் வாய்க்கு வந்தபடி திட்டுவார். லைட்மேன், மேக்கப்மேன் என்று யாரையும் விடமாட்டார். கேட்டால், “ஹெர்சாக்கும் கின்ஸ்கியும் அடித்துக்கொண்டதால்தான் ‘ஃபிட்ஸ்கரால்டோ’ வந்தது” என்கிறார். சண்டை இல்லாமல் பெரிய படம் வராதா?

கே.

அன்புள்ள கே.,

வரும். உங்கள் டைரக்டர் சொல்லும் படமே அதற்குச் சாட்சி. ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், நடிகர் கிளவுஸ் கின்ஸ்கியை வைத்துப் பெருவின் காட்டில் எடுத்த படம் அது. ஒரு கப்பலை மலைமேல் இழுத்து மறு ஆற்றில் இறக்குவதுதான் கதை.

கின்ஸ்கி கத்தியது உண்மைதான். ஹெர்சாக் அவரைப் பற்றி 1999இல் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. ஆனால் அதில் கின்ஸ்கி கத்துவது ஹெர்சாக்கைப் பார்த்து அல்ல. புரொடக்‌ஷன் மேனேஜர் வால்டர் சாக்சரைப் பார்த்து. அதுவும் சாப்பாட்டுத் தகராறு. நடிக்க வந்த பழங்குடியினர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். கின்ஸ்கியைக் கொன்றுவிடட்டுமா என்று அவர்களின் தலைவர் ஒருவர் தன்னிடம் கேட்டதாகவும், கத்துகிறவரைவிடப் பேசாமல் நின்ற தன்னைக் கண்டுதான் அவர்கள் பயந்ததாகவும் ஹெர்சாக் பிறகு சொன்னார். இந்தக் கூச்சலால் எந்த ஷாட் மேம்பட்டது? எத்தனை முறை பார்த்தும் எனக்கு அப்படி ஒன்று தென்படவில்லை.

கின்ஸ்கி முதலில் அந்தப் படத்திலேயே இல்லை. ஜேசன் ரோபார்ட்ஸை வைத்து ஏறக்குறைய 40 சதவீதம் எடுத்திருந்தார்கள். அவருக்கு வயிற்றுக்கடுப்பு முற்றி, திரும்பிப் போகவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உடன் நடித்த ராக் பாடகர் மிக் ஜாகரும் இசைப் பயணத்துக்காகக் கிளம்பிவிட, அவர் பாத்திரத்தையே கதையிலிருந்து எடுத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

பெரிய சண்டை அதற்கும் முன்னால் நடந்தது. உங்கள் டைரக்டர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். வடக்குப் பெருவில் அகுவாருனா மக்களின் நிலத்தில் படக்குழு முகாம் போட்டது. அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லைப் பிரச்சினையால் ராணுவ நடமாட்டம் வேறு அந்தப் பகுதியில் இருந்தது. 1979 டிசம்பரில் அகுவாருனா மக்கள் முகாமைக் கொளுத்திவிட்டார்கள். அது ஒரு நடிகரின் கோபம் அல்ல. தங்கள் மண்ணில் யார் நுழையலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்று ஒரு சமூகம் சொன்னது. ஹெர்சாக் வெகு தெற்கே காமிசேயா ஆற்றுப் பக்கம் போக வேண்டியதாயிற்று.

அங்கேதான் அந்தக் கப்பல். கதைக்குத் தூண்டுதலான ரப்பர் முதலாளி ஃபிட்ஸ்கரால்டு தன் கப்பலைப் பிரித்து, துண்டு துண்டாகத்தான் மறு ஆற்றுக்குக் கொண்டுபோனார். ஹெர்சாக் 320 டன் கப்பலை முழுசாக மேடேற்றினார். சரிவு 20 டிகிரி என்றால் சமாளிக்கலாம் என்றார் பொறியாளர். ஹெர்சாக் கேட்டதோ 40. உயிர்ச்சேதம் நடக்கும் என்று எச்சரித்துவிட்டுப் பொறியாளர் விலகிக்கொண்டார். இந்தப் படப்பிடிப்பைப் பற்றி லெஸ் பிளாங்க் எடுத்த ஆவணப்படத்தில் இதையெல்லாம் பார்க்கலாம். இன்னொரு நாள், கப்பல் ஆற்றுச் சுழிப்பில் பாறையில் மோதி ஒளிப்பதிவாளர் தாமஸ் மௌக்கின் கை கிழிந்தது. மயக்க மருந்து தீர்ந்துபோயிருந்ததால் அது இல்லாமலே தைத்தார்கள்.

நான் அந்தப் படத்தை நேசிக்கிறேன். கப்பல் சரிவில் முனகிக்கொண்டு ஏறும்போது அதன் எடை நம் தோளில் இறங்குகிறது. ஹெர்சாக்கின் பிடிவாதம், மௌக்கின் கண், வடத்தை இழுத்த நூற்றுக்கணக்கானவர்களின் உடம்பு, இதெல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது. 1982இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது ஹெர்சாக்குக்குக் கிடைத்தது. வடம் பிடித்தவர்களில் ஒருவர் பெயராவது உங்கள் டைரக்டருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். எனக்கும் தெரியாது, அது எனக்கு உறுத்துகிறது.

அவர் திட்டுவதை உங்களால் இப்போதைக்கு நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் உயரத்தில் ஏறும் லைட்மேனுக்குப் பாதுகாப்புக் கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்க்க உதவி இயக்குநரால் முடியும். கட்டவில்லை என்றால் ஷாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்காகத் திட்டு விழுந்தாலும் சொல்லுங்கள்.