1985-இல் கல்யாணமான மகளுக்கு அப்பா நிலத்தில் பங்கு உண்டா?

சகோதரி, முதலில் ஒன்று: அண்ணன்கள் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் (உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) கையெழுத்துப் போடாதீர்கள். பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மன்னார்குடிப் பக்கம் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நஞ்சை இருக்கிறது, அண்ணன்கள் "1985-லேயே கல்யாணம் செய்து சீரும் கொடுத்தாயிற்று, பங்கு கிடையாது" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறதென்றால், 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்கு முன்பே மணமான பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரவில்லை. 2005 மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கிவிட்டது. ஆனால் உங்களுக்கு அந்த வாதமே தேவையில்லை. சுயசம்பாத்தியச் சொத்துக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் போதும். அம்மா, அண்ணன்கள் இருவர், நீங்கள்: ஆளுக்குக் கால் பங்கு. சீர் செய்ததைக் காட்டி அதைக் குறைக்க முடியாது.

பட்டா பெரியண்ணன் பெயருக்கு மாறியதற்குப் பயப்படாதீர்கள். பட்டா மாறியதால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், அப்புறம் வில்லங்கச் சான்று எடுங்கள். நம் பக்கம் கோயில், மடத்து நிலம் அதிகம். அப்பா வாங்கியது நிலமா, வெறும் குத்தகை உரிமையா என்று மூலப்பத்திரத்தைப் பார்த்துவிடுங்கள். குத்தகை என்றால் கணக்கே வேறு.

பேசியும் மசியவில்லையென்றால் பாகப்பிரிவினை வழக்குதான். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள்.